எட்டு மணி ஜெபம்

இதில் சில இடங்களை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அன்று புதன்கிழமை என்பாள் பியூலா. இல்லை, வெள்ளி, அன்றைக்குத் தலைக்கு ஊற்றியிருந்தேன் என்பார் வீட்டுக்கார முத்தாயி. எந்தக் கம்பெனி வாசலுக்கு முதலில் போனார்கள் என்பதிலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஒன்றுபோல இருவரும் சொல்வது இவ்வளவுதான்: அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒன்று, பிள்ளையை வேனில் ஏற்றும்போது பியூலா கண்ணை மூடியிருந்தாள்.

பியூலா சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூரை ஒட்டிய அருள்புரத்துக்கு வந்தவள். கணவன் ஆசீர் காதர்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டுகிறான். முத்தாயியின் லைன் வீடுகளில் கடைசி வீடு இவர்களுடையது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பனியன்களில் பிசிறு நூல் வெட்டுவது பியூலாவின் வேலை. ஒரே மகள் ஜெனிஷா, யூ.கே.ஜி. படிக்கிறாள்.

பியூலாவுக்கு ஒரு குறை இருந்தது. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு ஜெபிக்க வரவில்லை. முழங்கால் போட்டு "அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கினால் பால் பொங்கும். துடைத்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடங்கினால் பிள்ளை ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கும். ஆண்டவரிடம் பேசுவதும் பிள்ளையை ஏசுவதும் ஒரே மூச்சில் வாயிலிருந்து வரும். எது யாருக்கு என்று அவருக்குத்தான் தெரியும். சபையில் பெண்கள் கூடும்போது அவளுடைய முறை வந்தால் மூன்று வாக்கியத்தில் ஆமென் சொல்லிவிடுவாள். பக்கத்தில் ரூபாவதி அக்கா தொடங்கினால் கூரை அதிரும். உலகத் தலைவர்கள் எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அருள்புரத்துக்குத் திரும்புவார். பியூலா கண்ணை மூடிக்கொண்டு அந்த நீளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொறாமை என்று அதைச் சொல்ல முடியாது. பசி மாதிரி ஒன்று.

அந்த வருடம் லெந்து நாட்களில் சபைப் பெண்கள் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். காலையிலிருந்து மாலைவரை ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவரைக் கைபேசியில் அழைத்து "உங்க கைல குடுக்கேன்" என்று சொல்ல வேண்டும். நடுவில் அறுந்துபோகக் கூடாது. காலை எட்டு மணியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சமையலும் பள்ளிக்கூடமும் கம்பெனியும் ஒன்றாக வந்து மோதும் நேரம் அது. பியூலா கையைத் தூக்கினாள்.

ஒன்பது மணிக்காரரான ரூபாவதி அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு உன்னால முடியுமா பியூலா?"

"முடியும்க்கா."

அந்த 'முடியும்' அவளைப் பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்குப் பிள்ளையோடு வேன் நிற்கும் முக்கில் நிற்க வேண்டும். ஜெபமும் நடக்க வேண்டும். அதனால் ஒரு வழி செய்தாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை, மூடிய கண். என்ன சத்தம் கேட்டாலும் வாக்கியத்தை முடிக்காமல் கண்ணைத் திறப்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள், லாரி இரைச்சலுக்கும் டீக்கடைப் பாட்டுக்கும் நடுவே, உள்ளே எல்லாம் அடங்கியது. சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றாள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் அந்த இடத்தைத் தேடித்தான் கண்ணை மூடினாள்.

இந்தக் கதை நடந்த அன்றும் அப்படித்தான். வாக்கியம் பாதியில் இருந்தது.

"அம்மா, வேன்" என்றாள் ஜெனிஷா.

"ஏறுட்டி."

"அம்மா, இதுல..."

"ஏறுட்டின்னா."

பையை மாட்டிவிட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். மேலேயிருந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள். இமையிடுக்கில் மஞ்சள் நிறம் தெரிந்தது, அது போதும். வேன் போனது. அன்றும் அந்த அமைதி வந்தது. பியூலா சந்தோஷமாக வீட்டுக்கு நடந்துபோய், கதவைச் சாத்தி, பனியன் மூட்டையின்மேல் தலையைச் சாய்த்து முழங்கால் போட்டாள்.

கைபேசி அடித்தது. பள்ளி வேன் ஓட்டும் முருகவேல்.

"அக்கா, பாப்பா இன்னைக்கு லீவுங்களா? முக்குல நின்னு ஹாரன் அடிச்சுட்டே இருக்கறனுங்க."

"இப்பதானே ஏத்திவிட்டேன்."

"நான் இப்பத்தானுங்க வர்றேன்." அவனே கேட்டான். "எந்த வேன்லீங்க்கா ஏத்துனீங்க?"

வேனுக்குள் யார் இருந்தார்கள், வாங்கிய கை ஆணா பெண்ணா, ஓட்டியது யார், பியூலாவுக்கு எதுவும் தெரியாது. மஞ்சள். அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த முத்தாயி அவள் ஓடிவருவதைப் பார்த்து விளக்குமாற்றைப் போட்டார். பியூலா சொன்னது பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

"மஞ்ச வேனா? இரு கண்ணு, இரு. கம்பெனி வேன் ஒண்ணு மஞ்சளாத்தான் வருது. எந்தப் பள்ளிக்கூடத்துலயோ பழசு வாங்கியிருக்கறாங்க. பேரை மட்டும் சொரண்டிப்போட்டு, பெயிண்டு அடிக்காம ஓட்டறாங்க."

"எந்தக் கம்பெனி?"

"அது தெரியலியே. பல்லடம் தாண்டிப் பொங்கலூர் ரோட்டுல போறதைப் பார்த்திருக்கறேன். ஆசீருக்குப் போன் பண்ணு."

பியூலா கைபேசியைப் பார்த்தாள். ஆசீர் லோடோடு இருப்பான். என்ன என்று சொல்வது? பிள்ளையை ஏற்றிவிட்டேன், எதில் என்று தெரியாது, ஜெபித்துக்கொண்டிருந்தேன். விரல் அந்தப் பெயருக்கு மேல் நின்றது, இறங்கவில்லை.

"அப்பறம் பண்ணிக்கலாம், ஏறு" என்று முத்தாயி தன் டி.வி.எஸ். வண்டியை உதைத்தார்.

அந்த வண்டியின் வயது முத்தாயிக்கே ஞாபகமில்லை. பின்னால் உட்கார்ந்த பியூலா வழியில் தெரிந்த மஞ்சளையெல்லாம் பார்த்தாள். கோழித்தீவன லாரி. ஒரு டாக்ஸியின் நம்பர் பலகை. தண்ணீர்க் குடம். ஒவ்வொரு பள்ளத்திலும் முத்தாயி "முருகா" என்றார். பியூலா வாயைத் திறந்தாள், வாக்கியம் வரவில்லை. "கிருபையுள்ள" என்று தொடங்கினால் அடுத்த சொல் இல்லை. ஜெனிஷாவின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கடியில் இன்னொன்று வந்தது. அது ஜெபத்தில் சேருமா என்று அவளுக்குத் தெரியாது. நான் கண்ணை மூடினேன். நீருமா மூடிக்கிட்டிருந்தீர்?

கேட்டுவிட்டுப் பயந்தாள். ஆனால் திருப்பி எடுக்கவில்லை.

பல்லடத்தைத் தாண்டும்போது ரூபாவதி அக்காவின் அழைப்பு வந்தது. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பியூலா எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"என்ன பியூலா, நேரமாச்சே, ஒன்னும் சொல்லாம..."

"பிள்ளயக் காணும்க்கா. நான்தான் வேற வேன்ல ஏத்திவிட்டுட்டேன். கண்ண மூடிக்கிட்டு. ஜெபம் பண்ணுதேன்னு."

அடுத்து வரப்போவதற்காகப் பியூலா உடம்பை இறுக்கிக்கொண்டாள். ஒன்று ஏச்சு வரும். இல்லையென்றால் கூரை அதிரும் ஜெபம் வரும். இரண்டையும் தாங்க முடியாது என்று தோன்றியது. ஆனால் எதுவும் வரவில்லை. துண்டித்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கிறீச்சிடும் சத்தமும், வயதான மூச்சும் மட்டும். பியூலா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதுவும் சொல்லாத அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டே மீதித் தூரம் போனாள்.

முதலில் நுழைந்த கம்பெனியின் வேன்கள் வெள்ளை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், இன்னும் கொஞ்ச தூரம் போனால் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு கம்பெனி, அங்கே மஞ்சள் வேன் பார்த்ததாகச் சொன்னார்கள். அங்கே போனபோது கேட்டுக்கு உள்ளேயே வேன் நின்றிருந்தது. பக்கவாட்டில் சுரண்டிய எழுத்துகளின் தடம். பியூலா வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டாள்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு ஆடிட்டுங்க. வெளியாளுங்க உள்ள வரப்படாதுன்னு ஆர்டர்."

"இந்த வேன்ல என் பிள்ள வந்திருக்கா. சின்னப் பிள்ள."

"குழந்தைங்களா? குழந்தைங்க காப்பகத்துல இருக்குதுங்க. தினமும் வர்ற குழந்தைங்கதான்." பாடம் ஒப்பிப்பதுபோல அவர் சொன்னார். "ஆயா இருக்கறாங்க, பால் உண்டு, விளையாட்டுச் சாமான் உண்டுங்க."

"தினமும் வர மாட்டா. இன்னைக்குத்தான் வந்தா."

வாட்ச்மேனின் முகம் மாறியது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கம்பிக்கு அருகில் வந்தார். "அப்படிச் சொல்லப்படாதுங்க்கா. யாரு சொல்லிக்குடுத்தது உங்களுக்கு?"

முத்தாயிக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்குக் கம்பெனி வழக்கம் தெரியும். வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்கென்று ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்பது விதி. அறையும் இருக்கும், பொம்மையும் இருக்கும், பொம்மைக்கு மேல் பிரிக்காத பிளாஸ்டிக் உறையும் இருக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக, ஆடிட் என்று சோதிக்க ஆள் வரும் நாளில்தான் பூட்டைத் திறப்பார்கள். உள்ளே காட்டக் குழந்தை வேண்டுமே. முந்தின நாளே டெய்லர் பெண்களிடம் சொல்லிவிடுவார்கள்: சின்னக் குழந்தை இருக்கறவங்க ஒண்ணு ரெண்டு கூட்டிட்டு வாங்க.

"அதுதான் கண்ணு" என்றார் முத்தாயி. "வேன்ல இருந்தவங்க ஒவ்வொருத்தியும், இது அடுத்தவ புள்ளைன்னு நெனச்சிருப்பா."

வாட்ச்மேன் உள்ளே போன் செய்ததும் சூப்பர்வைசர் சண்முகவேல் வந்தார். இன் செய்த சட்டை முழுக்க வியர்வை. கேட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காமல் இடுக்கில் நின்று பேசினார்.

"என்னங்க, என்ன டிரெஸ் பாப்பா போட்டிருந்துச்சு?"

"யூனிபார்ம். நீல பாவாடை, கட்டம் போட்ட சட்டை."

சண்முகவேல் தலையாட்டினார். "யூனிபார்ம் போட்ட குழந்தை யாரும் இல்லீங்க. நான் இப்பத்தான் காப்பகத்துல இருந்து வர்றேன். மூணு குழந்தை, மூணும் பனியன்தான் போட்டிருக்குது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்த்தனுங்க. இருந்தாச் சொல்ல மாட்டனா?"

பியூலா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவளிடம் ஒரு திசை இருந்தது. பொங்கலூர் ரோடு, மஞ்சள் வேன், சுரண்டிய எழுத்து. இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. திருப்பூரைச் சுற்றி எத்தனை ரோடு, எத்தனை வேன். முத்தாயி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தது. கையிலிருந்த கைபேசியில் நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடவில்லை. மூடப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே, சத்தமாகவும் இல்லாமல், யாருக்கும் கேட்காமலும் இல்லாமல் சொன்னாள்:

"எனக்கு ஒன்னும் சொல்லத் தெரியல. நீரே பாத்துக்கிடும்."

சண்முகவேல் கேட்டைச் சாத்தினார். தையல் மெஷின்களின் இரைச்சல் சட்டென்று நின்றது, டீ நேரம். அந்த அமைதியில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னலிலிருந்து கணீரென்று ஒரு பிள்ளைக் குரல் வந்தது.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம். ஏட்டி, சாக்ஸ எங்க போட்ட? ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரருக்கு நல்ல புத்தியத் தாரும். ரூபாவதி அக்கா மாதிரி நீளமா ஜெபிக்க எனக்கும் தாரும், அவ்வளவு நீளம் வேண்டாம் ஆண்டவரே. மூணு விசில் ஆச்சு. அடுப்ப அணைச்சுட்டு வாரேன், இரும். மூதேவி, பாலக் குடிச்சுத் தொலையேன்ட்டி. கண்ண மூடுங்க எல்லாரும். ஆமென்."

உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

முதலில் சிரித்தது முத்தாயி. "உன்ற குரலேதான் கண்ணு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பியூலாவும் சிரித்தாள்; அழுதாள் என்பார் முத்தாயி. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கேட்டைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே ஓடியபோது வாட்ச்மேன் தடுக்கவில்லை. சண்முகவேல் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அக்கா, அஞ்சு நிமிஷம். ஆடிட்டர் மேடம் உள்ளதான் இருக்கறாங்க. பாப்பா நல்லா இருக்குதுங்க. மாம்பழ ஜூஸ் குடுத்திருக்கறோம். ரெண்டு குடிச்சிருச்சு."

காப்பகத்தில் ஜெனிஷா நடுவில் நின்றிருந்தாள். யூனிபார்முக்கு மேல், முழங்காலைத் தாண்டும் ஒரு ஏற்றுமதிப் பனியன். அவளைச் சுற்றி வேறு இரண்டு குழந்தைகள் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தன. சுவரோரம் நாற்காலியில் கண்ணாடி போட்ட ஆடிட்டர் அம்மா, பேனாவை உதட்டில் வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பனியனை மாட்டிவிட்ட நாகஜோதி என்ற டெய்லர் வாசலில் கையைப் பிசைந்தாள்.

"நீயா பெத்தவ? மன்னிச்சுக்கத்தா. பள்ளிக்கூடத்து உடுப்போட காப்பகத்துல இருக்கக் கூடாதுன்னாக. அதான் மேல மாட்டிவிட்டேன். வேன்ல தூக்கிவிட்டப்ப நீ கண்ண மூடிக்கிட்டிருந்த. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

ஜெனிஷா அம்மாவைப் பார்த்தாள். ஓடிவரவில்லை.

"நான் சொன்னேன்ல? 'இதுல மிஸ் இல்ல'ன்னு சொல்ல வந்தேன். நீதான் ஏறுட்டின்ன."

"ஆமா" என்றாள் பியூலா. "நான்தான் சொன்னேன்." அவளை வாரி எடுத்தபோது மாம்பழ வாசனையும் புதுத்துணி வாசனையும் அடித்தது.

ஆடிட்டர் எழுந்தார். "நீங்க இங்கே வேலை பார்க்கிறீங்களா? குழந்தை தினமும் இங்கேதான் வருதா?"

சண்முகவேல் பியூலாவைப் பார்த்த பார்வையில் அங்கே தைக்கும் அத்தனை பேரின் பிழைப்பும் இருந்தது. நாகஜோதி தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"இல்லங்க" என்றாள் பியூலா. "நான் வேற வேன்ல மாத்தி ஏத்திவிட்டுட்டேன். இவங்க என் பிள்ளயப் பத்திரமாப் பாத்துக்கிட்டாங்க. ஜூஸ் குடுத்திருக்காங்க. நான் பாத்துக்கிட்டத விட நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க."

ஆடிட்டர் எதையோ எழுதினார். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பையனை ஒரு தடவை ஏர்போர்ட்ல விட்டுட்டு செக்-இன் வரைக்கும் போயிட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் பியூலாவுக்குக் கைபேசி ஞாபகம் வந்தது. இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அக்கா."

"கிடைச்சுட்டாளா?"

"கிடைச்சுட்டாக்கா." பியூலா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவ சொன்னது... அந்த நீளம்னு..."

"கேட்டுது."

மின்விசிறி கிறீச்சிட்டது.

"எனக்கே தெரியும் பியூலா. நிறுத்தத்தான் தெரியல. வீட்ல பேசுறதுக்கு வேற ஆளு இல்ல பாரு." பிறகு ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தாள் பியூலா. ரூபாவதி அக்கா சிரிப்பதை அதுவரை அவள் கேட்டதில்லை. "அடுப்ப அணைச்சுட்டு வாரேன், இரும்னா சொல்லுத ஆண்டவர்ட்ட?"

"சொல்லுதேன்க்கா."

"அவரும் இருந்திருக்காரு" என்றார் அக்கா.

திரும்பும் வழியில் பியூலா ஆசீரை அழைத்து, நடந்தது முழுவதையும் எதையும் குறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் டெம்போ ஓரமாக நிற்கும் சத்தம் கேட்டது. முத்தாயிக்கும் அம்மாவுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த ஜெனிஷா, "அப்பாட்ட ரெண்டு ஜூஸும் சொல்லு" என்றாள்.

ஆசீர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே சபையில் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான். 'நல்ல புத்தி'யை மட்டும் விட்டுவிட்டான். அந்தக் கம்பெனியின் காப்பகம் பற்றி ஆடிட் அறிக்கையில் மோசமாக எழுதினார்கள், சரிசெய்யத் தவணையும் கொடுத்தார்கள். இப்போது அது தினமும் திறக்கிறது. நாகஜோதியின் இளைய பையன் அங்கேதான் இருக்கிறான். சண்முகவேல் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முருகவேல் அதே பள்ளி வேனைத்தான் ஓட்டுகிறான். ஜெனிஷா இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். முத்தாயி வாடகையை உயர்த்தினார். ரூபாவதி அக்கா ஞாயிறு மதியம் பியூலா வீட்டில் சாப்பிடுகிறார். அவருடைய ஜெபம் குறையவில்லை. பியூலா பிசிறு வெட்டுகிறாள், ஏசுகிறாள், சிரிக்கிறாள், கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறாள்.